உங்களை விசாரிச்சவை

1

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இது திருட்டுக் கதை. எழுதுபவருடைய சொந்த அனுபவம் இதில் ஒரு துளிகூடக் கிடையாது. சனிக்கிழமைதோறும் கோத்-வெர்த்து மெட்ரோ வாசலில் நின்ற ஓர் அம்மாளைத் தமிழ்ப் பள்ளி வரை காரில் கொண்டுபோய்விட்டதற்குக் கூலியாகக் கிடைத்தது.

எழுதுபவரின் பெயர் ஜெயசங்கர். சென்னைக்காரர். முப்பது ஆண்டுகள் மொன்றியலில் விமான இறக்கைகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டு ஓய்வு பெற்று, புறநகரான கர்க்லாண்டில் தன் வீட்டு முன் விழும் பனியைத் தானே அள்ளிக்கொண்டிருப்பவர். பனி விழாத நாட்களில் சிறுகதை எழுதுவார். இதுவரை எழுதிய எல்லாக் கதைகளிலும் கதாநாயகன் ஓய்வு பெற்ற பொறியாளர். எல்லாவற்றிலும் மனைவி அவரைப் புரிந்துகொள்வதில்லை. இந்தக் கதையையும் அவர் 'நான்' என்றுதான் ஆரம்பித்தார். மனைவி வசந்தகுமாரி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இதுலயும் நான்தான் புரிஞ்சுக்காதவளா?"

"இல்லம்மா. இது ஞானாம்பிகை டீச்சரோட கதை."

"அப்ப எதுக்கு 'நான், நான்'னு எழுதியிருக்கீங்க? ஒரு தடவையாவது உங்களை வெளிய நிறுத்தி எழுதுங்க, பாக்கலாம்."

ஆகவே இந்தக் கதை முழுக்க நான்— [அடித்தாயிற்று.] ஆகவே இந்தக் கதை முழுக்க ஜெயசங்கர் 'அவர்' என்றே அழைக்கப்படுவார். எங்காவது ஒரு 'நான்' தலை நீட்டினால் வாசகர்கள் தட்டி உள்ளே அனுப்பிவிடவும்.

2

ஞானாம்பிகை மொன்றியலை ஒட்டிய லவாலில் இருக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல், எவ்வளவு மேல் என்று கேட்டால், "உங்களுக்கு அது கதைக்கு வேணுமோ?" என்பார். லவாலில் ஆரஞ்சு மெட்ரோ ஏறி, நகரத்தின் அடிவயிறு வழியாக ஒரு முழு வளையம் சுற்றி, மறுமுனையான கோத்-வெர்த்துவில் இறங்குவார். வரைபடத்தில் இரண்டு முனைகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. "நேர போற பாதை எனக்கு ஒருநாளும் அமையிறதில்லை" என்று அவரே சிரிப்பார். பள்ளியில் அவர் இலக்கணம், ஜெயசங்கர் பாலர் வகுப்பு.

கதை பிறந்த அன்று கடுங்குளிர். காரில் ஏறிய சற்று நேரத்தில் ஞானாம்பிகை நெளிந்தார்.

"ஜெயசங்கர், சீட்டுக்கு அடியில ஏதோ எரியுது."

"எரியலை டீச்சர். சீட்டைச் சூடாக்கற ஹீட்டர்."

"அப்பாடா. நான் பயந்துபோனன்." பிறகு, கையுறைகளைக் கழற்றிக்கொண்டே, "பயம் எண்டால் என்னெண்டு நான் உங்களுக்கு ஒருக்காச் சொல்லுறன்" என்று தொடங்கினார்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். யாழ்ப்பாணம். அரசாங்க ராணுவம் வெளியே இருந்தது, உள்ளே இயக்கம் ஆண்டது. துப்பாக்கி அவர்களிடம், நீதிமன்றம் அவர்களிடம், சிறை அவர்களிடம், ஊரைவிட்டு வெளியே போவதற்கான பாஸும் அவர்களிடம். ஞானாம்பிகை அப்போது ஓர் இளம் ஆசிரியை. ஊர்ப் பிரஜைகள் குழுவின் செயலாளர். குழுவின் தலைவர் பத்திநாதன், சங்கக்கடை, அதாவது கூட்டுறவுக் கடை, மனேஜர். குண்டு விழுந்தால் கிணறு இறைப்பது, அகதிகளாக வந்தவர்களுக்கு அரிசி பிரிப்பது, இதுதான் குழுவின் வேலை. ஒருநாள் இயக்கம் ஊரில் சில இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனது. தாய்மார் குழுவிடம் வந்து அழுதார்கள். பத்திநாதனும் ஞானாம்பிகையும் இயக்கத்தின் முகாம் வாசலுக்குப் போனார்கள்.

"விடச்சொல்லிக் கேக்கேல்லை, ஜெயசங்கர். பிள்ளையள் உயிரோட இருக்கினமோ எண்டு மட்டும்தான் கேட்டனாங்கள்."

அவர்கள் செய்த புரட்சி மொத்தமும் அவ்வளவுதான்.

3

அன்றைக்கே ஜெயசங்கர் உட்கார்ந்துவிட்டார். முதல் வரைவு இப்படிப் போனது:

*அடர்ந்த வனாந்தரம். யானைகள் பிளிறும் இரவு. தீப்பந்தங்களின் ஒளியில் ஆயுதமேந்திய போராளிகள் நடுவே ஒற்றைப் பெண்ணாக ஞானாம்பிகை—*

அடுத்த சனிக்கிழமை இதைக் காரில் வாசித்த ஞானாம்பிகை கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கட ஊரில காடு எங்க கிடக்கு? கோவா, உங்கட முட்டைக்கோஸ், அந்தத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும்தான். முகாம் எண்டது ஒரு டொக்டர் விட்டுட்டுப் போன கல்வீடு. வாசல்ல குரோட்டன் சாடியள் இருந்தது. அதுக்கு ஒரு பொடியன் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டவன்."

"யானை?"

"சர்க்கஸில பாத்தது."

குரோட்டன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற போராளியை வைத்துக்கொண்டு எப்படிப் பயமுறுத்துவது? ஜெயசங்கருக்குப் புரியவில்லை. என்றாலும் நேர்மையான மனிதர். யானைகளை வெளியேற்றிவிட்டு, இரண்டாவது வரைவை ஞானாம்பிகை சொன்னபடியே எழுதினார். முகாமுக்குப் போய்வந்த மறுநாள் சைக்கிளில் ஒரு பையன் வந்து "அக்கா, உங்களை விசாரிச்சவை" என்று சொல்லிவிட்டுப் போனதாக அவர் சொல்லியிருந்தார். அந்த இடத்தைக் கொஞ்சம் உருக்கமாகவே எழுதினார்:

*கேட்டதற்குப் பதில் கிடைக்காவிட்டால் என்ன? துப்பாக்கி தூக்கிய கைகளுக்குள்ளும் ஓர் ஈரம் இருக்கத்தான் செய்தது. தன்னை நலம் விசாரிக்க மறக்கவில்லையே! ஞானாம்பிகையின் கண்கள் பனித்தன. மனிதம் சாகவில்லை என்று எண்ணியபடி அவர் தேநீர் ஆற்றினார்.*

இதை ஞானாம்பிகை சிக்னலில் வாசித்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்தியும் பயனில்லாமல் டாஷ்போர்டில் தட்டித் தட்டிச் சிரித்தார். பச்சை விழுந்ததை ஜெயசங்கர் கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்து, பிரெஞ்சில் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லித் திட்டினார். கெபெக்கில் வசை அப்படித்தான்.

"ஜெயசங்கர்," என்றார் ஞானாம்பிகை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அண்டைக்கு நான் தேத்தண்ணி ஆத்தேல்லை. வாளிக்குள்ள தலையை விட்டுச் சத்தி எடுத்தனான்."

4

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். கதை மட்டும் வேண்டும் என்பவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் பின்னால் ஒரு மிதிவெடி இருக்கிறது, அது ஏன் வெடித்தது என்று புரியாது.)

சென்னையில் 'விசாரித்தல்' ஒரு மரியாதை. ஊருக்குக் கிளம்புகிறவரிடம், "உங்க அம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க" என்போம். அந்த அம்மாவை நாம் பார்த்ததே இருக்காது. அவருக்கு முழங்கால் வலி என்பதுகூடத் தெரியாது. இருந்தாலும் விசாரிப்போம். காசில்லாமல் அனுப்பக்கூடிய பலகாரம் அது. யாழ்ப்பாணத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். பிறகு ஆயுதம் வைத்திருந்தவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் விசாரித்தால் அது விசாரணை. விசாரணைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள்.

இதில் இலக்கணமும் இருக்கிறது. 'விசாரிச்சவை' என்ற சொல்லில் யார் விசாரித்தது என்று இல்லை. கடைசியில் ஒரு 'வை' மட்டும் தொங்குகிறது. யாழ்ப்பாணத்தில் 'அவை' என்றால் 'அவர்கள்'. இதைத் 'தோன்றா எழுவாய்' என்பார்கள். செய்தவர் வாக்கியத்தில் தோன்ற மாட்டார், வினையின் வாலில் ஒளிந்திருப்பார். அன்றைய யாழ்ப்பாணத்தில் 'அவை' என்றால் எவை என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை.

ஆனால் மொன்றியல் குழந்தைகள் கேட்கிறார்கள். இரண்டாவது வரைவை வாசித்துச் சிரித்த அதே சனிக்கிழமை வகுப்பில் ஞானாம்பிகை இதே தோன்றா எழுவாயை நடத்தியபோது, சாம்பவி என்ற சிறுமி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், வந்தான் எண்டால், ஆர் வந்தது? சப்ஜெக்ட் இல்லை. எங்கட பிரெஞ்சு மேடம் எண்டால் மார்க்ஸ் வெட்டுவா."

"எங்கட பாஷையில அது பிழையில்லை, பிள்ளை. சில நேரம் ஆளைச் சொல்லாமல் விடுறதுதான் பாதுகாப்பு."

சாம்பவி அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள், பரீட்சைக்கு வரும் என்று நினைத்து.

யாழ்ப்பாணத்தில், சைக்கிள் வந்த அன்று பத்திநாதனுக்கும் அதே செய்தி வந்திருந்தது. அவர் பயப்படவில்லை, அல்லது காட்டிக்கொள்ளவில்லை. "கூப்பிட்டால் போறதுதானே. நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ? நீங்கள் மட்டும் ஊரைவிட்டு வெளிக்கிடுங்கோ ரீச்சர். ரெண்டு பேரும் போய் உள்ள இருந்தால் பேந்து கதைக்க* ஆளில்லாமல் போயிடும்" என்று சொல்லி, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார். ஞானாம்பிகை பாஸ் இல்லாமல், ஒரு மீன்பிடி வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்தார். பத்திநாதன் திரும்பி வரவில்லை. முகாமில் கேட்டவர்களுக்கு, "அவரை அண்டைக்கே அனுப்பிப்போட்டம்" என்று பதில் வந்தது. எங்கே அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

(* 'பேந்து' என்றால் பிறகு. 'கதைக்க' என்றால் ஈழத்தில் பேச. சென்னையில் கதை விடுவது பொய் சொல்வது. இரண்டுக்கும் நடுவில் ஜெயசங்கருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.)

5

மூன்றாவது வரைவைப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று ஜெயசங்கர் நினைத்தார். மலர்க் குழுத் தலைவர் இரவிச்சந்திரன் புரோசார்டில் ஒரு பெரிய அங்காடியின் காப்பிக் கடைக்கு அவரை வரச்சொன்னார். பார்க்கிங் வசதி, தமிழாக்கள் குறைவு என்றார். இரண்டாவது காரணம் ஏன் என்று ஜெயசங்கருக்கு அப்போது உறைக்கவில்லை.

"வடிவா எழுதியிருக்கிறியள்," என்றார் இரவிச்சந்திரன். "சின்னச் சின்னத் திருத்தம்தான். இயக்கம் எண்டு போடாதேங்கோ. ஊரின்ர பேர் வேண்டாம். வருசம் வேண்டாம். பிரஜைகள் குழு எண்டாலே ஆக்களுக்கு விளங்கிடும், அதையும் எடுத்துவிடுங்கோ."

ஜெயசங்கர் பேனாவை எடுத்து அங்கேயே திருத்தினார். மிஞ்சியது இது:

*ஓர் ஊரில் ஒருவர் இன்னொருவரிடம் ஒன்றைக் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.*

இரவிச்சந்திரன் அதை இரண்டு தரம் படித்தார். "இப்ப நல்லாயிருக்கு. எண்டாலும் அந்த 'கேட்டிருக்க வேண்டாம்' எண்ட இடத்தில லேசா அரசியல் மணக்குது."

"இரவி, முப்பது வருஷம் ஆச்சு. இயக்கமே இல்லையே இப்ப!"

"இல்லைத்தான்," என்றார் இரவிச்சந்திரன். பக்கத்து மேசையில் இரண்டு சீனக் கிழவர்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இல்லாட்டிலும்."

ஜெயசங்கருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரவிச்சந்திரன் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"எனக்கென்ன, மலருக்கு ரெண்டு விளம்பரம் குறையும். அவ்வளவுதான். ரீச்சரைத்தான் துரோகி எண்டு சொல்லிப்போடுவினம், ஜெயசங்கர். கலியாண வீட்டுக்குப் போனால் பக்கத்தில இருந்து சாப்பிட ஆள் இராது. உங்களுக்கு அது விளங்காது. நீங்கள் எழுதிப்போட்டு கர்க்லாண்டுக்குப் போயிடுவியள்."

அது உறைத்தது. அன்று வீட்டுக்கு வந்து ஜெயசங்கர் நெடுநேரம் பனி அள்ளினார். பனி அதிகமாக இல்லை.

6

வாசகர் கேட்கலாம்: அப்படியானால் ஞானாம்பிகைக்கு இந்தக் கதையால் என்ன வேண்டும்? புகழா? இல்லை. நியாயமா? அதை அவர் கைவிட்டுப் பல காலம். அவருக்கு வேண்டியது பத்திநாதனின் மனைவி அக்னெஸுக்குச் சொல்ல ஒரு பதில்.

அக்னெஸ் அதே ஊரில், அதே வீட்டில் இருக்கிறார். ஆண்டுதோறும் கணவரின் பிறந்தநாளுக்கு மாதா கோயிலில் பூசை கொடுக்கிறார். கொடுக்கும்போது சாமியார் கேட்பார்: "சுகத்துக்கோ, ஆத்துமாவுக்கோ?" உயிரோடு இருப்பவருக்கென்றால் சுகத்துக்கு. இறந்தவருக்கென்றால் ஆத்துமாவுக்கு. அக்னெஸ் ஒவ்வொரு முறையும் "சுகத்துக்கு" என்கிறார். எத்தனையோ சாமியார்கள் மாறிவிட்டார்கள்.

"பிழையான பூசை குடுக்கிறனோ எண்டு ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப்பில என்னட்டக் கேக்கிறா," என்றார் ஞானாம்பிகை. "ஆத்துமாவுக்குக் குடுக்கவேண்டிய ஆளுக்குச் சுகத்துக்குக் குடுத்தால் அவருக்குப் போய்ச் சேருமோ, நடுவழியில நிண்டிடுமோ எண்டு. நான் சைவக்காரி, ஜெயசங்கர். எனக்கு அந்த விசயம் ஒண்டும் தெரியாது."

தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் மொன்றியலில் இருக்கிறார். அன்று சைக்கிளில் வந்து செய்தி சொன்ன பையன். பெயர் குகநேசன். இப்போது ஐம்பது தாண்டியவர், நரைத்த மீசை, பெரிய வேன். கல்யாணம், பிறந்தநாள், பள்ளி விழா எல்லாவற்றுக்கும் சிற்றுண்டி போடுகிறார். அவருடைய பேர்போன பண்டம் மிதிவெடி. முட்டையும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரித்த பெரிய ரோல்ஸ். ஈழத்தார் அதற்கு வைத்திருக்கும் பெயரே அதுதான். முன்னாள் போராளி மிதிவெடி விற்கிறார் என்று நானாகக்— [உள்ளே போ.] ஜெயசங்கர் தானாகக் கற்பனை செய்திருந்தால் எந்தப் பத்திரிகையும் ஏற்றுக்கொண்டிருக்காது.

இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு கல்யாணத்திலும் குகநேசன் தட்டோடு ஞானாம்பிகையிடம் வருகிறார். "அக்கா, சுகமா இருக்கிறியளோ? ஒண்டு எடுங்கோ." ஞானாம்பிகை சொல்வார்: "ஓம் தம்பி. வேண்டாம்." இருபது ஆண்டு உரையாடல் இவ்வளவுதான். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.

7

ஜெயசங்கர் முடிவுகள் தயாரித்தார். பொறியாளர் அல்லவா, மாற்று ஏற்பாடு இல்லாமல் இறக்கை செய்ய மாட்டார்.

முடிவு அ: கல்யாண மண்டபம். நாதஸ்வரம் நிற்கிறது. ஞானாம்பிகை ஒலிபெருக்கியைப் பிடித்து எல்லார் முன்னிலையிலும் குகநேசனைக் கேள்வி கேட்கிறார்.

"ஆரோ ஒருத்தற்ற பிள்ளையின்ர கலியாணத்தை நான் ஏன் குழப்போணும்?" என்றார் ஞானாம்பிகை.

முடிவு ஆ: குகநேசன் காலில் விழுந்து கதறுகிறார்.

"அவருக்கு முழங்கால் ஏலாது. ஆர் பேந்து எழுப்பிவிடுறது?"

முடிவு இ: ஞானாம்பிகை அவரை மன்னிக்கிறார். தட்டிலிருந்து ஒரு மிதிவெடியை எடுத்துக் கடிக்கிறார். வெளியே மெல்லப் பனி பொழிகிறது.

இது ஜெயசங்கருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஞானாம்பிகை தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் ஆர் மன்னிக்க? எனக்கு என்ன நடந்தது? நான் இஞ்ச வந்து, பென்சன் எடுத்து, சூடான சீட்டில இருக்கிறன். மன்னிக்கிறதெண்டால் அது அக்னெஸ் அக்கான்ர வேலை. அவவின்ர சாமானை நான் எடுத்துக் குடுக்கேலாது."

ஜெயசங்கர் தாளை வாங்கிப் பையில் வைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. முடிவு இ-யை அவர் ஏற்கெனவே கணினியில் தட்டெழுதியிருந்தார்.

8

பள்ளிப் பொங்கல் விழா. மண்டபத்தின் பின்பக்கம் குகநேசனின் மேசை. இந்தக் கதையில் குகநேசன் யார் என்பது வசந்தகுமாரிக்குத் தெரியாது. 'நான்' இல்லாமல் கணவர் எழுதுகிறாரா என்பதை மட்டும்தான் அவர் கண்காணித்தார். மரக்கறி ரோல்ஸ் ஒன்றைச் சாப்பிட்டார். அருமையாக இருந்தது. வாய் ருசித்த பிறகு வெறுமனே நகர்வது சென்னையில் மரியாதையில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. நம்ம ஞானாம்பிகை டீச்சர்கூட உங்களை விசாரிச்சாங்க."

ஞானாம்பிகை அப்படி எதுவும் சொல்லவில்லை. அது சும்மா, காசில்லாப் பலகாரம்.

குகநேசன் இடுக்கியைக் கீழே வைத்தார். "ஆர்?"

"நம்ம டீச்சர்தான். லவால்லேருந்து வருவாங்களே."

"என்னையோ?"

"உங்களைத்தான். அடிக்கடி விசாரிப்பாங்க."

"என்னத்தைப் பற்றி?"

வசந்தகுமாரி தாராள மனசுக்காரர். "எல்லாத்தைப் பத்தியும்தான்!" என்றார் மலர்ந்த முகத்தோடு.

குகநேசன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தட்டுகளும் அடுப்பும் அப்படியே கிடந்தன. "பாவம், கூச்ச சுபாவம்போல" என்று வசந்தகுமாரி இன்னொரு ரோல்ஸ் எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஜெயசங்கருக்குப் போன் வந்தது. "சேர், நான் கேட்டரிங் குகநேசன். அக்கா என்னை விசாரிச்சவவாம். உங்கட மிஸ்ஸிஸ் சொன்னவ."

இந்த இடத்தில் ஒரே வாக்கியத்தில் விஷயத்தைத் தெளிவுபடுத்தியிருக்கலாம். ஐயா, எங்கள் ஊரில் அது வெறும் உபசாரம், அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. ஜெயசங்கர் வாயைத் திறந்தார். "அது வந்துங்க, எங்க ஊர்ல—"

"இல்லை சேர், மறைக்காதேங்கோ. ரெண்டு நாளா நித்திரை இல்லை. நான் வந்து கதைக்கிறன் எண்டு அக்காட்டச் சொல்லுங்கோ."

விசாரிக்கப்பட்டவருடைய பயத்தை ஜெயசங்கர் முதல்முறையாகக் காதால் கேட்டார். அது, அன்று விசாரித்ததாகச் செய்தி கொண்டுபோனவரிடமிருந்து வந்ததுதான் வேடிக்கை. அவர் தெளிவுபடுத்தவில்லை. ஞானாம்பிகையிடம் சொன்னார். அவர் கார்க் கண்ணாடியில் படிந்த மூச்சைக் கையுறையால் துடைத்தார். பிறகு, "வரச்சொல்லுங்கோ" என்றார்.

9

சனிக்கிழமை, வகுப்பு முடிந்த பிறகு, பள்ளிக்கூடத்துப் பார்க்கிங். ஜெயசங்கர் ஓட்டுநர் இருக்கையில், பக்கத்தில் ஞானாம்பிகை. குகநேசன் பின்சீட்டில் ஏறினார். கையில் ஈயத்தாள் சுற்றிய தட்டு. பழக்கதோஷம்.

"அக்கா, சுகமா இருக்கிறியளோ?"

"ஓம் தம்பி."

காருக்குள் எண்ணெய் வாசனை பரவியது. ஜெயசங்கர் எதற்கோ வைப்பரைப் போட்டார். பனி விழவில்லை. நிறுத்தினார்.

"அக்கா, நான் சைக்கிள்ள வந்து சொன்னது மட்டும்தான். பொறுப்பாளர் சொல்லிவிட்டதைச் சொன்னனான். எனக்கு அப்ப பத்தொன்பது வயசு."

"தெரியும்."

"பேந்தேன் இப்ப என்னை விசாரிச்சனீங்கள்?"

"நான் உம்மை ஒருநாளும் விசாரிக்கேல்லை. உம்மைக் கண்டாலே எனக்குப் பயம். நீர் எங்க, என்னை விசாரிக்க வாறீரோ எண்டு."

"நானோ?" குகநேசனின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "நீங்கள் கேப்பீங்கள் எண்டுதான் அக்கா ஒவ்வொரு கலியாணத்திலயும் கிட்ட வாறனான். நீங்கள் கேக்கிறேல்லை. கேக்காமல் நானா எப்பிடிச் சொல்லுறது, நாலு பேர் நிக்கேக்க, கையில தட்டோட?"

ஞானாம்பிகை திரும்பிப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபது ஆண்டுகள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து ஒரே மண்டபங்களில் சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறார்கள். ஜெயசங்கருக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க மறுபடியும் வைப்பரைப் போட்டார்.

"சரி. இப்ப கேக்கிறன்," என்றார் ஞானாம்பிகை. "அக்னெஸ் அக்கா பூசையை என்னத்துக்குக் குடுக்கிறது? சுகத்துக்கோ, ஆத்துமாவுக்கோ?"

குகநேசனும் அந்த ஊர்க்காரர். கேள்வியை விளக்க வேண்டியிருக்கவில்லை. தட்டின் ஈயத்தாள் சரசரத்தது.

"ஆத்துமாவுக்கு அக்கா," என்றார்.

10

இதை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது. ஜெயசங்கரும் கேட்டிருக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளாக இதற்காகக் காத்திருப்பவர் அங்கே தூங்கிக்கொண்டிருக்க, ஒரு சென்னைக்காரரும் கதை படிக்க வந்த நீங்களும் அவருக்கு முன்னால் தெரிந்துகொண்டுவிட்டீர்கள். இது முறையில்லை. தயவுசெய்து வெளியே சொல்லாதீர்கள்.

மிச்சத்தையாவது கேட்காமல் இருக்கலாம் என்று ஜெயசங்கர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். எங்கே, எப்படி, யார், எந்த மண் என்பதெல்லாம் காருக்குள் சொல்லப்பட்டது. அது இந்தக் கதையில் இல்லை, இருக்கவும் போவதில்லை. அக்னெஸின் சாமானை எடுத்து உங்களுக்குக் கொடுக்க முடியாது.

இறங்கிய பிறகுதான் கோட்டு உள்ளே இருப்பது தெரிந்தது. திரும்பக் கதவைத் திறக்க மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் காவலாள் பேட்ரிக் வந்து, காரை எடுங்கள், வாசலைப் பூட்ட வேண்டும் என்றார். ஜெயசங்கர் பல்லடிக்க, தன் பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, "ஒரு நிமிஷம், உள்ளே ஒரு கதை நடக்கிறது" என்றார். பேட்ரிக் காரைப் பார்த்தார். உள்ளே கண்ணாடி முழுக்க மூச்சுப் படிந்து வெள்ளையாகியிருந்தது. பிறகு ஜெயசங்கரின் வழுக்கையைப் பார்த்து, தன் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஐஸ் ஹாக்கி அணியின் சின்னம் இருந்தது.

வெகுநேரம் கழித்துக் குகநேசன் இறங்கினார். ஜெயசங்கரைப் பார்க்காமல் வேனை நோக்கி நடந்தார். அழுகிறாரா என்று தெரியவில்லை. குளிரில் எல்லாருக்கும் மூக்கு ஒழுகும்.

ஞானாம்பிகை கண்ணாடியை இறக்கினார். தொப்பியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"அங்க இப்ப என்ன நேரம்?"

"நடு ராத்திரி ஆகப்போகுது, டீச்சர்."

"அப்ப படுக்கட்டும். இண்டைக்கு ஒருநாள் நிம்மதியாப் படுக்கட்டும். விடிய, கோயிலுக்கு வெளிக்கிட முதல் எடுக்கிறன்." கையில் போன் இருந்தது. "ஜெயசங்கர், நீங்கள் எழுதுற ஆள்தானே. சொல்லுங்கோ. என்னெண்டு தொடங்கிறது?"

ஜெயசங்கர் காருக்குள் ஏறினார். யோசித்தார்.

"அக்கா, ஒரு செய்தி கிடைச்சிருக்கு—"

"செய்தி எண்டால் ஆள் வந்திட்டார் எண்டு நினைச்சுப்போடுவா."

"அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா—"

"ஒருத்தரும் இல்லை. தனியத்தான் இருக்கிறா."

"பத்திநாதன் அண்ணனைப் பத்தி—"

"அவற்ற பேரை என்ர வாயில கேட்டால் அவவுக்குச் சந்தோசம் வந்திடும், ஜெயசங்கர். சந்தோசப்படுத்திப்போட்டுப் பேந்து எப்பிடிச் சொல்லுறது?"

அவருக்கு வேறு வாக்கியம் வரவில்லை. இல்லை, எனக்கு வரவில்லை. இந்த ஒருமுறை தட்டி உள்ளே அனுப்பாதீர்கள். நான் அந்தக் காரில்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அங்கே விடிய இன்னும் சில மணி நேரம் இருக்கிறது. அக்னெஸ் அக்கா நேரத்தோடு எழுந்துவிடுவாராம். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள். ஞானாம்பிகை டீச்சர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.